வெளிக்கிட்ட வாகனம்: பேஜோ 504 இல் மொன்றியலுக்கு ஒரு தை மாதப் பயணம்

போன கிழமை ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். பிக்கரிங்கில் இருக்கிறாராம். எழுபத்தெட்டாம் ஆண்டுப் பேஜோ 504 ஸ்ரேசன் வாகன் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, நிறம் அடித்து, வருகிற தை மாதம் அதிலேயே மொன்றியல் போகப்போகிறாராம். எத்தனை மணித்தியாலம் எடுக்கும், எங்கே நிற்கலாம் என்று கேட்டிருந்தார். படத்துக்குக் கீழே ஆளுக்காள் வாழ்த்து. "சிங்கம்", "பழசெண்டாலும் தங்கம்", "உந்தக் கார் சாகாது அண்ணை" என்று ஒரே புகழாரம்.

எனக்கு விசர் வந்துவிட்டது. அந்தப் பயணத்தை அதே காரில், அதே தை மாதத்தில், 1987 இல் நான் போயிருக்கிறேன். இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊர் போன கதை எழுதியிருக்கிறேன்; இதை மட்டும் எழுதவில்லை. எழுத இருந்தால் கோபம் முந்திக்கொண்டு வரும். இன்றைக்கு வந்தால் வரட்டும்.

காரணம் இதுதான். என் தங்கச்சி வசந்தி 1986 பங்குனியில் மொன்றியலில் வந்து இறங்கி அகதிக் கோரிக்கை கொடுத்தவள். பிறகு ஸ்காபுரோவுக்கு, மல்வேர்னில் நான் வாடகைக்கு இருந்த ரவுண்ஹவுஸுக்கு வந்துவிட்டாள். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் கட்ட ஒரு ஆளுக்குத்தான் காசு காணும் என்றபடியால் புருஷனையும் ஒன்றரை வயது மகள் தாரணியையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய விசாரணை மொன்றியலில், தை மாதம் ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் 1:30க்கு. அது சரிவந்து கடதாசி கிடைத்தால்தான் மற்ற இரண்டு பேரையும் கூப்பிடலாம். வேறு வழியே இல்லை.

மல்வேர்னில் இருந்து விசாரணை நடக்கிற கந்தோர் வாசலுக்கு 520 கிலோமீற்றர். காலமை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் பதினொன்றரைக்குப் போய்விடலாம், இரண்டு மணித்தியாலம் கைவசம். முதல்நாள் பஸ்ஸில் போவம் என்றுதான் நான் சொன்னேன். கனகு அண்ணை விடவில்லை. தன்ரை பேஜோ இருக்க ஏன் பஸ் என்றார்.

கனகு அண்ணை மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தவர். எழுபத்தி நாலிலேயே இங்கே வந்துவிட்டார். நான் வந்த புதிதில் மூன்று மாதம் தன்னுடைய ஹோலில் படுக்க விட்டவரும், பிக்கரிங்கில் ட்ரக் கராஜ் ஒன்றில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். பனிக்குப் போடுகிற சப்பாத்துக்கூட அவர் வாங்கித் தந்ததுதான். அவருக்கு முன்னால் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சத்தில் விளங்கும்.

அவருக்கு அந்தக் கார் என்றால் உயிர். ஊரில் அவருடைய தகப்பனார் 404 ஒன்று வைத்து வாடகைக்கு ஓடியவர். அதற்கு அடுத்ததாக வந்த 504 ஐ வாங்கவேண்டும் என்பது சின்ன வயது ஆசையாம். கிறீம் நிறம், டீசல் என்ஜின், பின்னால் நீளமான வாகன். எங்கள் ஊர்ப்பக்கம் பார்த்த 504 களுக்கு முன்லைற் சாய்ந்த கண் மாதிரி இருக்கும். இங்கே சட்டம் விடாதபடியால் நாலு வட்ட லைற் பூட்டி விற்றார்கள். அதைப்பற்றி மட்டும் அவருக்கு மனக்குறை. மற்றப்படி அதன் சரித்திரத்தைத் தொடங்கினாரென்றால் தேத்தண்ணி ஆறிப்போகும்.

அவர் சொன்னதில் பிழையும் இல்லை, நானும் பிறகு படித்துப் பார்த்திருக்கிறேன். 1968 இல் பாரிஸில் வெளிவந்தது; வசந்தத்தில் வரவேண்டியது, அந்த வருஷத்து வேலைநிறுத்தக் குழப்பங்களால் புரட்டாதிக்குப் பிந்தியது. அடுத்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு. மெத்தை மாதிரி ஸ்பிரிங், எந்தக் குழியையும் விழுங்கும். ஆபிரிக்காவில் புழுதிக்குள் ஓடிய பெரிய ஓட்டப் போட்டிகளில் வென்றது. நைஜீரியாவிலும் கென்யாவிலும் ஆர்ஜென்ரீனாவிலும் வைத்தே பூட்டினார்கள். நாங்கள் எல்லாம் ஊரை விட்டு ஓடத் தொடங்கிய அதே எண்பத்தி மூன்றில்தான் பிரான்சில் 504 கார் செய்வதை நிப்பாட்டினார்கள். ஆபிரிக்காவில் இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் செய்தார்கள். நல்ல கார். காரில் எனக்குக் கோபமே இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

கோபம் பஞ்சாங்கத்தில் தொடங்குகிறது. புதன்கிழமை மத்தியானம் கனகு அண்ணை ரெலிபோன் எடுத்தார். வியாழக்கிழமை 1:30 இலிருந்து மூன்று மணிவரை ராகு காலமாம். விசாரணை நேரமே பிழை, வெள்ளைக்காரனிடம் மாற்றச் சொல்லிக் கேட்கவும் ஏலாது, ஆகையால் வெளிக்கிடுகிற நேரமாவது திறமாக இருக்கவேண்டுமாம். ஊரிலிருந்து எடுப்பித்த பஞ்சாங்கத்தில் வியாழன் காலமை 6:10 க்கு அருமையான சுபநேரம் போட்டிருக்கிறதாம். அது யாழ்ப்பாணத்து 6:10. பத்தரை மணித்தியாலத்தைக் கழித்தால் ரொறன்ரோவில் புதன் இரவு 7:40. அப்போதே கார் வெளிக்கிட்டுவிட வேண்டுமாம்.

யோசித்துப் பாருங்கள். ராகு காலத்துக்கு ரொறன்ரோ மணிக்கூடு. நல்ல நேரத்துக்கு யாழ்ப்பாண மணிக்கூடு. எந்தக் கோதாரியிலை போன சாத்திரத்தில் இப்படி இருக்கிறது? அன்றைக்கு எனக்கு இது மண்டையில் பட்டது. பட்டும் கேட்கவில்லை.

ஊரில் இது வழக்கம்தான். பயணம் நாளைக்கு, நல்ல நேரம் இன்றைக்கு என்றால், இன்றைக்கே வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ தங்கிவிட்டு விடியப் போவார்கள். வெளிக்கிட்டாப் பிறகு வீட்டுக்குத் திரும்பக்கூடாது. ஊரில் அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் வராது, மிஞ்சிப் போனால் நுளம்பு கடிக்கும். இங்கே தை மாதம்.

அந்தக் கார் ஐப்பசியில் இருந்து மோர்னிங்சைட் கட்டடத்துக்குக் கீழே, சூடு போட்ட நிலக்கீழ் பார்க்கிங்கில் நின்றது. கனகு அண்ணை வேலைக்கு பஸ்ஸில்தான் போவார். உப்புப் பட்டால் கறள் பிடிக்கும் என்று பனிகாலத்தில் காரை வெளியே எடுக்கமாட்டார். டாங்கில் இருந்ததும் ஐப்பசியில் அடித்த டீசல், பனிகாலத்துக்கு உரியதல்ல. சரியாக 7:40 க்குத் தேங்காய் உடைத்து, நாலு ரயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, கற்பூரம் காட்டி, காரைக் கிளப்பி மல்வேர்னுக்கு ஓட்டிவந்து எங்கள் ரவுண்ஹவுஸ் விசிற்றர் பார்க்கிங்கில் விட்டார். நெற்றியில் திருநீறு. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ரேடியோவில் இரவுக்கு மைனஸ் 26 என்று சொன்னார்கள்.

இப்போது என்னைப்பற்றிச் சொல்கிறேன். ட்ரக் கராஜில் அந்தக் காலம் என் வேலை என்ன தெரியுமா? பனிகாலத்தில் ஒவ்வொரு பின்னேரமும் பன்னிரண்டு டீசல் ட்ரக்குகளின், இரவில் என்ஜினைச் சூடாக வைத்திருக்கிற புளொக் ஹீற்றர் வயரையும் ப்ளக்கில் செருகிவிட்டு வருவது. செருகாவிட்டால் விடிய என்ன நடக்கும் என்று ஸ்காபுரோவில் இருந்த தமிழரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இருந்திருக்க மாட்டான். விசிற்றர் பார்க்கிங்கில் ப்ளக் இல்லை. "அண்ணை, குளிர் கூட, திரும்பக் கொண்டுபோய்க் கீழே விடுவமே" என்று ஒரு தரம் கேட்டேன். வெளிக்கிட்ட கார் திரும்பக்கூடாது என்றார். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்தேன். அவர் எங்கள் சோபாவில் படுத்தார்.

காலமை 4:50. வசந்தி நீலக் கோட்டும் போட்டு, பைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து பின்சீற்றில் ஏறினாள். கனகு அண்ணை திறப்பைத் திருப்பி, ஹீற்றர் விளக்கு அணையும்வரை பார்த்திருந்து ஸ்ராட் அடித்தார். என்ஜின் முனகியது. நாலு தரம், ஐந்து தரம். பற்றரி இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு றோயை எழுப்பினேன். கயானாக்காரர், நல்ல மனுஷன், தன் காரைக் கொண்டுவந்து வயர் கொழுவித் தந்தார். அப்போது ஒரு தரம் பிடித்தது, இருமியது, நின்றது. பொனற்றைத் திறந்து பில்ரரைக் கழட்டினேன். உள்ளே டீசல் உறைந்த நெய் மாதிரி இருந்தது.

மணி 6:25. இந்த நேரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். றோய் தன் கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார். இன்றைக்குத் தனக்கு ஷிப்ட் இல்லை, கார் சூடாகி ஓடிக்கொண்டு நிற்கிறது, டாங்கும் நிறைய இருக்கிறது, கொண்டுபோய்விட்டு இரவைக்குத் தாருங்கள் என்றார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. அந்த நிமிஷம் ஏறியிருந்தால் ஒரு மணிக்கு முன்னம் கந்தோர் வாசலில் நின்றிருப்போம்.

கனகு அண்ணை தலையாட்டினார். "வெளிக்கிட்ட வாகனத்தை மாத்தக்கூடாது தம்பி. அதுவும் இப்பிடிக் காரியத்துக்குப் போகேக்கை."

வசந்தி கண்ணாடியை இறக்கினாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

நான் சொன்னது இது: "கொஞ்சம் பாப்பம்."

றோய் திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு உள்ளே போய் எங்களுக்குக் கோப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, அது இதுதான். மூன்று கேத்தில் சுடுதண்ணி ஊற்றினோம். யன்னலால் வயர் இழுத்து வசந்தியின் தலைமயிர் காயவைக்கிற மெசினால் பில்ரருக்குச் சூடு பிடித்தோம். கராஜுக்கு போன் பண்ண, ஒரு பெடியன் மண்ணெண்ணெய் கொண்டுவந்து தந்தான், அதை டாங்கில் கலந்தோம். கால்மணிக்கு ஒருக்கால் "இப்ப பிடிக்கும்" என்றார் கனகு அண்ணை. கால்மணிக்கு ஒருக்கால் நானும் ஓம் என்றேன். பிளேனில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். நடந்து போவதைத் தவிர என்னவும் செய்திருக்கலாம். கார் 9:20 க்குப் பிடித்தது. அந்தாள் ஸ்ரியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

401 நெடுஞ்சாலையில் ஏறி 85 கிலோமீற்றருக்கு மேல் அது போகவில்லை. மிதித்தால் பின்னால் கறுப்புப் புகைதான் வந்தது. உள்ளே சூடும் வரவில்லை. வசந்தி கம்பளியைச் சுற்றிக்கொண்டு பைலை மடியில் விரித்து, தான் சொல்லவேண்டிய திகதிகளை ஒவ்வொன்றாகப் பாடமாக்கிக்கொண்டு வந்தாள். எப்போது வீடு எரிந்தது, எப்போது புருஷனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எப்போது விட்டார்கள். முன்சீற்றில் கனகு அண்ணை சகாராவைப்பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே மணலுக்குள் 504 இல் ஒன்பது பேர் ஏறிப் போவார்களாம், மேலே ஆடும் கட்டியிருக்குமாம். பெல்வில் தாண்டும்வரை இந்தக் கதை. கையை நீட்டி அந்த வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது எனக்கு. "அப்பிடியே அண்ணை" என்றேன்.

கிங்ஸ்ரன் 240 கிலோமீற்றர், 12:10 க்குப் போனோம். 30 லீற்றர் டீசல், லீற்றர் 46 சதம். அங்கேயிருந்து வசந்தியின் லோயருடைய கந்தோருக்கு போன் எடுத்தேன். அவர் ஏற்கெனவே விசாரணைக்கு வெளிக்கிட்டுவிட்டார் என்று அங்கே வேலை செய்கிற பெண் சொன்னாள். கையடக்கத் தொலைபேசி இல்லாத காலம், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

ப்ரொக்வில்லைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மணி 1:30 ஆனது. பின்னால் பைல் மூடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வசந்தி திகதி சொல்லவில்லை.

மொன்றியல் கந்தோர் வாசலில் 4:05. லோயர் இரண்டேகால் வரை பார்த்திருந்துவிட்டுப் போய்விட்டாராம். மேசையில் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் கதைத்தாள். பைல் திரும்பிப் போய்விட்டது, வராததற்குக் காரணம் எழுதிக் கொடுங்கள், வேறு திகதி தபாலில் வரும் என்றாள். அந்தக் கடதாசியில் என்ன எழுதினேன் தெரியுமா? கார் பழுது என்று. பழுது காரில் இல்லை. ஆனால் அந்தப் படிவத்தில் மற்றதை எழுத இடம் எங்கே?

வெளியே வந்து காரடியில் நிற்கும்போது கனகு அண்ணை கூரையைத் தட்டிச் சொன்னார், "பாத்தியே தம்பி, ஓடத் தொடங்கினாப் பிறகு ஒரு இடத்திலையும் நிண்டதே?"

"ஓம் அண்ணை" என்றேன். திறப்பைப் பிடுங்கிப் பனிக்குள் எறிந்திருக்கவேண்டும். ஓம் அண்ணை என்றேன்.

புதிய திகதி மார்கழிக்கு வந்தது. பதினொரு மாதம். எண்பத்தி ஏழில் அந்தப் பதினொரு மாதத்துக்குள் யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நான்கு மாதம் கடிதம் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு கோயில், பள்ளிக்கூடம் என்று மாறி மாறி இருந்து, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்து அவள் புருஷன் எழுதிய கடிதத்தை வசந்தி குளியலறைக்குள் கொண்டுபோய்த்தான் வாசித்தாள். மார்கழி விசாரணைக்கு நாங்கள் முதல்நாளே பஸ்ஸில் போய், மொன்றியலில் தங்கி, ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய் இருந்தோம். கனகு அண்ணை நேரம் பார்த்துச் சொல்ல போன் எடுத்தார். வசந்திதான் எடுத்தாள். "வேண்டாம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வைத்தாள். நான் பதினொரு மாதமாகச் சொல்ல எண்ணி வைத்திருந்த எல்லாவற்றையும் அவள் இரண்டு சொல்லில் முடித்துவிட்டாள்.

கனகு அண்ணை இப்போது உயிரோடு இல்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அவர் எங்களுக்குச் செய்த நன்மையை எண்ணினால் இந்தப் பக்கம் காணாது, அதுவும் உண்மை. ஆனால் சாகும்வரை எந்தக் கலியாண வீட்டிலும் அவர் இந்தப் பயணத்தை என்னென்று சொன்னார் தெரியுமா? மைனஸ் 26 இல் இரவு முழுக்க வெளியே நின்ற 504, மொன்றியல் வரைக்கும் ஒரு தரமும் நிற்காமல் ஓடிய கதையாகச் சொன்னார். சனம் கைதட்டிக் கேட்டது. நானும் அந்த மேசையில் இருந்து சோறு சாப்பிட்டேன். அவரில் வருகிற கோபம் பாதிதான். மற்றப் பாதிக்குச் சொந்தக்காரன் நான். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தவன் மரியாதைக்குப் பயந்து பேசாமல் இருந்தால் தெரியாதவனைவிடக் கேடு.

சரி, பிக்கரிங் தம்பி, நீர் கேட்டதற்கு வருகிறேன். 504 டீசலில் தை மாதம் போவதென்றால் ஏழு மணித்தியாலம் வையும். பழைய டீசலை இறக்கிவிட்டுப் பனிகால டீசல் அடியும். இரவில் புளொக் ஹீற்றரைச் செருகிவிடும், குறைந்தது நாலு மணித்தியாலம் முந்தி. ஒரு புதுப் பில்ரர் காருக்குள் இருக்கட்டும். கிங்ஸ்ரனில் நிற்கலாம், கோர்ன்வோலிலும் நிற்கலாம். ஒரு அலுவலும் இல்லாத நாளில் போம். ஒரு ஆளின் சீவியம் பின்சீற்றில் இருக்கிற நாளில், எந்தக் கார் முதலில் பிடிக்கிறதோ அதில் ஏறும். எவர் என்ன சொன்னாலும் ஏறும்.

தாரணியும் தகப்பனும் எண்பத்தி ஒன்பது ஆவணியில் வந்தார்கள். ரொறன்ரோ விமான நிலையம், பின்னேரம் நாலரை. தாரணிக்கு ஐந்து வயதுக்குக் கிட்ட. சிவப்புச் சட்டை, இரட்டைப் பின்னல், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. தகப்பன் பெட்டி எடுக்கப் பின்னால் நின்றதால் பிள்ளை முன்னால் தனியே வந்தாள். வசந்தி முழங்காலில் நின்று கையை விரித்தாள். பிள்ளை கிட்ட வந்து, மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றது. கொழும்பில் பத்து வீட்டில் தங்கிப் பழகிய பிள்ளை, பெரியவர்களிடம் எப்படிக் கதைக்கவேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள் என்று என் மனைவி எனக்கு ஆறுதல் சொல்வாள். இருக்கலாம். எனக்கு அது ஆறுதல் இல்லை.

"அன்ரி, கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?" என்று கேட்டாள்.

வசந்தி எழும்பிப் போய்த் தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.